அபராதம் கட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கும் நம் பிள்ளைகளின் வேலை வாய்ப்பும்

 

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருடைய வேலை வாய்ப்பு என்னவாகும் என்பதே இந்த இதழின் பாடம். "நம் பத்திரிகையில் இது எதற்கு? நம் பிள்ளைகள் குடிப்பவர்களா?" என்று சிலர் கேட்கலாம். மது ஹராம் என்பதை மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் வெளியூர்க் கல்லூரி விடுதியிலும், சென்னை, பெங்களூரு வேலை இடங்களிலும் பிள்ளை யாரோடு பழகுகிறான், சனிக்கிழமை இரவு எங்கே போகிறான் என்பதெல்லாம் வீட்டுக்குத் தெரிவதில்லை.

கல்வி உதவிக்கும், வேலைக்கான விண்ணப்பம் நிரப்பவும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் பேசுவதில் இரண்டு விஷயங்கள் நமக்குப் புலப்படுகின்றன. இப்படிப்பட்ட வழக்குகள் நம் வீடுகளுக்கும் வந்திருக்கின்றன. வந்த வீட்டில், "பத்தாயிரம் கட்டியாச்சு, கதை முடிஞ்சுது" என்று நினைத்து மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது விஷயம்தான் பிள்ளையின் எதிர்காலத்துக்கு அதிகக் கேடு செய்கிறது. உம்மாவின் நகையை அடகு வைத்தும், வாப்பா வெளிநாட்டில் உழைத்தும் படிக்க வைத்த பிள்ளைக்கு, வேலை உத்தரவு கைக்கு வரும் நேரத்தில் இது தடையாக நிற்கலாம். ஆகவே வெட்கத்தை ஒதுக்கிவைத்து இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

சட்டம் சொல்வது என்ன?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு இதைப் பற்றியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். மதுவுக்கு மட்டுமல்லாமல், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதைப்பொருள் உட்கொண்டிருந்தாலும் இதே பிரிவு பொருந்தும். கார், பைக், ஸ்கூட்டர் என்ற வேறுபாடு கிடையாது.

2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதோடு, அதே சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, 185-ல் தண்டனை விதிக்கும் கோர்ட் குறைந்தது 6 மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத்துக்கும் தடை விதிக்க வேண்டும். அந்தத் தடைக்காலத்தில் வண்டி ஓட்டினால் அது தனிக் குற்றம். 182-வது பிரிவில் 3 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும்.

வாலிபர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 188-வது பிரிவு. குடித்தவர் வண்டி ஓட்டத் துணைபோனவருக்கும், ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனை என்கிறது அது. "நான் குடிக்கவில்லை, சாவியை மட்டும்தான் கொடுத்தேன்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. குடித்த நண்பனிடம் தன் பைக்கைக் கொடுத்து, "நீயே ஓட்டு" என்று பின்னால் ஏறி உட்காருகிற பிள்ளை, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலேயே வழக்கில் சிக்கிக்கொள்ளலாம்.

அபராதமும் தண்டனைதான்

ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே அபராதம் கட்டிவிட்டுப் போகிறோம். சமாதானக் கட்டணமாகக் கட்டி முடித்துக்கொள்ள 200-வது பிரிவு அனுமதிக்கும் குற்றங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பட்டியலில் 185 இல்லை. எனவே இந்த வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், அபராதம் விதிக்கப்படுகிறது, கட்டி ரசீது வாங்கிக்கொண்டு வருகிறான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததுபோல் தெரிகிறது.

உண்மையில் அந்த அரை மணி நேரத்தில் நடந்தது, ஒரு குற்றவியல் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டனை கொடுத்தது. சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தண்டனை இல்லாமல் ஆகிவிடாது. வயது வந்தவர்களைப் பொறுத்தவரை, இத்தனை ஆண்டு கழிந்தால் பழைய தண்டனை தானாக மறைந்துவிடும் என்று சொல்லும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. ஐந்து வருடம் கழித்து ஒரு படிவத்தில் "நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டால், "ஆம்" என்பதே உண்மையான பதில்.

எந்த வேலையில் என்ன பாதிப்பு?

ஒரு முறை இந்த வழக்கில் தண்டனை பெற்றவருக்கு எந்த வேலையும் கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை முதலில் மனதில் வையுங்கள். பாதிப்பு வேலைக்கு வேலை மாறுபடும்.

வண்டி ஓட்டுவதே தொழிலாக உள்ளவர்கள்: பஸ், லாரி, பள்ளி வேன், வாடகைக் கார், டெலிவரி வேலை செய்பவருக்கு 6 மாத உரிமத் தடை என்றால் 6 மாத வருமானத் தடை. மருந்து விற்பனைப் பிரதிநிதி, சைட் இன்ஜினியர் போன்று தினமும் வண்டியில் அலைய வேண்டியவர்களுக்கும் இதே நிலைதான்.

அரசு வேலை: மத்திய அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில், கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். "அபராதம்தானே" என்று ஒதுங்க அங்கே இடமில்லை. தமிழ்நாடு போலீஸ் வேலைக்கு விதி இன்னும் கடுமை. குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டு விடுதலையானவரைக்கூட, வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அந்த விதி கருதுகிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவரும் கவனமாக இருக்க வேண்டும். பொது இடத்தில் போதையில் இருப்பதை மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22-வது விதி தடை செய்கிறது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார்.

ஆடிட்டர், வக்கீல், டாக்டர்: நம் பிள்ளைகள் இப்போது சி.ஏ. படிப்பில் ஆர்வம் காட்டுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். 1949-ம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில், 6 மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் ஓர் உறுப்பினர் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டால் அது நடத்தைத் தவறு என்று எழுதியிருக்கிறது. 185-வது பிரிவின் முதல் குற்றத்துக்கான சிறைத் தண்டனை 6 மாதம் வரை. கோர்ட் அபராதத்தோடு விட்டிருந்தாலும், அந்தக் குற்றத்துக்குச் சட்டம் எவ்வளவு தண்டனை வைத்திருக்கிறது என்பதையே இந்த விதி பார்க்கிறது. வக்கீலாகப் பதிவு செய்வதற்கு 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டமும், டாக்டர்களுக்கு 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளும், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறாரா என்று பார்க்கின்றன. சாதாரணமாகப் பிடிபட்டு அபராதம் கட்டிய வழக்கும், குடித்துவிட்டு ஓட்டி ஓர் உயிரைப் பறித்த வழக்கும் அங்கே ஒரே தட்டில் வைக்கப்படா.

தனியார் கம்பெனி: பெரிய கம்பெனிகள் வேலை உத்தரவு கொடுத்த பிறகு, பின்னணிச் சரிபார்ப்பை வெளி ஏஜென்சியிடம் ஒப்படைக்கின்றன. பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றை வைத்துக் கோர்ட் பதிவுகளில் தேடுகிறார்கள். இதில் நமக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. முஹம்மது இப்ராஹீம், அப்துல் ரஹ்மான் என்ற பெயரில் ஒரு தாலுகாவிலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒருவருடைய வழக்கு இன்னொருவர் பெயரில் வந்து நிற்கலாம். அப்படி வந்தால் பதறாமல், பிறந்த தேதி, ஆதார், முகவரிச் சான்றுகளைக் காட்டி "இது நான் இல்லை" என்று எழுத்தில் மறுப்புக் கொடுக்க வேண்டும். ஆதார், பாஸ்போர்ட், மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருப்பது இதற்கும் உதவும்.

வெளிநாடு போகிறவர்கள்

நம் ஊர்க் குடும்பங்களில் பாதிக் கனவு பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறது. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி, குற்ற வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். கோர்ட்டின் அனுமதி உத்தரவு பெற்று வாங்க வழி உண்டு, ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். வழக்குத் தேதிக்குப் போகாமல் இழுத்தடித்துவிட்டு, விசா வந்த பிறகு ஓடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை யோசித்துப் பாருங்கள். பல வேலைகளுக்குப் போலீஸ் நற்சான்றிதழும் கேட்கிறார்கள். வழக்கு இருந்தால் அது அங்கேயும் தெரியவரும்.

போன இடத்தில் பிடிபட்டால் நிலைமை இன்னும் கடினம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த போக்குவரத்துச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குச் சிறையும், 20,000 முதல் 1,00,000 திர்ஹம் வரை அபராதமும், அல்லது இரண்டில் ஒன்றும் உண்டு. சிங்கப்பூரில் முதல் முறைக்கே 2,000 முதல் 10,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமத்துக்குக் குறைந்தது 2 ஆண்டுத் தடை. வேலை அனுமதியில் இருப்பவருக்கு அபராதத்தைவிடப் பெரிய கவலை, அந்த அனுமதியே ரத்தாகி ஊர் திரும்ப நேருமோ என்பதுதான்.

மறைப்பதா, சொல்வதா?

பாடத்தின் மையம் இதுதான். "அல்லாஹ் மறைத்துவைத்த பாவத்தை நாமே வெளியே சொல்லலாமா?" என்று ஒரு வாலிபர் கேட்பாரானால், அது நல்ல கேள்வி. தன் பாவத்தைத் தானே பகிரங்கப்படுத்தித் திரிவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். செய்த பாவத்தை நண்பர்களிடம் பெருமையாகப் பேசுவதும், போனில் படம் போடுவதும் அந்தக் கண்டிப்பில் அடங்கும். யாரும் கேட்காதபோது அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. தவ்பா செய்து, அடியானும் ரப்பும் அறிந்த விஷயமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வேலை தருகிறவர், தனக்குக் கேட்க உரிமை உள்ள ஒரு கேள்வியைக் கேட்டு, கீழே கையெழுத்தும் வாங்கும்போது, அந்தப் பதில் சாட்சியத்தின் நிலையை அடைகிறது. நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி சூரா அந்நிஸாவின் 135-வது வசனம் கட்டளையிடுகிறது. பாவத்தை மறைப்பது வேறு, கையெழுத்திட்டுப் பொய் சொல்வது வேறு. முதலாவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு, இரண்டாவதற்கு இல்லை. அந்தப் பொய்யின் மேல் வாங்கும் சம்பளத்தைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இதற்கான வழிமுறைகளை வகுத்தது. கைது, வழக்கு, தண்டனை பற்றி வேலைக்கு வருபவர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். விஷயம் அற்பமானதாக இருந்தால், மறைத்ததையும்கூட மன்னிக்க வேலை தருபவருக்கு அதிகாரம் உண்டு. உண்மையைச் சொல்லியிருந்தாலும், அவரைக் கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. பெரிய குற்றத்தை மறைத்தால் வேலை போகலாம்.

ஆக, உண்மை சொன்னால் வேலை நிச்சயம் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உண்மை சொன்னவர் முன் ஒரே கேள்விதான் இருக்கிறது, "அன்று அப்படிச் செய்தவர் இன்று எப்படி இருக்கிறார்?" மறைத்தவர் முன் இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிடுகிறது, "இவரை இனி எப்படி நம்புவது?" முதல் கேள்விக்கு நல்ல நடத்தையால் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்வது மிகக் கடினம். அதுவும் வேலையில் சேர்ந்து, கல்யாணம் முடித்து, வீட்டுக் கடன் வாங்கிய பிறகு அந்தக் கேள்வி வந்தால் குடும்பமே ஆட்டம் காணும்.

சிறு அபராதமும் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்ன ஒரு ஹரியானா வழக்கு உதாரணம். பொது இடத்தில் ஆபாசமாக நடந்ததாக 20 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட ஒருவர், அதைக் காரணம் காட்டி அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தத் தண்டனை மட்டுமே ஒழுக்கக்கேடு ஆகாது என்று தீர்ப்பாகி அவருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் 20 ரூபாய்க்காக அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

வழக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

1. சாலையில் போலீசாருடன் வாக்குவாதம் வேண்டாம். ஊதிப்பார்க்க மறுப்பதும் கோர்ட்டில் நமக்கு எதிராகவே பேசும். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. இந்த உரிமையைத் தெரிந்துவைத்திருங்கள்.

2. வேறொருவர் ஓட்டியதாகப் பெயர் மாற்றிக் கொடுக்கவோ, புரோக்கரை நம்பிப் பணம் கொடுக்கவோ வேண்டாம். சிறிய வழக்கு பெரிய வழக்காகிவிடும்.

3. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கக் கோர முடியுமா என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் கோர்ட்டின் விருப்பம், ஆனால் கேட்காமல் கிடைக்காது. வசதி குறைந்தவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவசத் தொலைபேசி எண் 15100.

4. கோர்ட் தேதியைத் தவறவிடாதீர்கள். தவறினால் வாரண்ட் வரும்.

5. தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராத ரசீது, உரிமம் திரும்பப் பெற்ற தாள் மூன்றையும் மதிப்பெண் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்தும் தேவைப்படும்.

6. படிவத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். "வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்பதும் "தண்டனை பெற்றதுண்டா?" என்பதும் வெவ்வேறு கேள்விகள். விளக்கம் கேட்டால் நான்கு வரி போதும்: எந்த ஆண்டு, எந்தக் கோர்ட், என்ன பிரிவு, என்ன தண்டனை, கட்டி முடித்தாயிற்று, அதன் பிறகு வேறு வழக்கு எதுவும் இல்லை. பிறர் மேல் பழி போடும் கதையைச் சேர்க்காதீர்கள்.

7. குடிப்பழக்கமே இருக்குமானால் அதற்குச் சிகிச்சை தேவை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டாவது வழக்கு வந்தால், "அறியாமல் நடந்த ஒரு பிழை" என்ற வாதமும் கைவிட்டுப் போய்விடும்.

ஜமாஅத்தின் கடமை

மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை மற்றொருவர் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அந்தத் தோழர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றும் எடுத்துச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. தண்டனையும் நிறைவேறியது, அந்த மனிதரும் ஜமாஅத்தை விட்டுத் தள்ளப்படவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் நமக்கு முன்மாதிரி.

நம்மில் என்ன நடக்கிறது? தெரிந்தால் தெருவே பேசும் என்ற பயத்தில் பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. வீட்டில் தெரிந்தால் உறவினருக்குத் தெரியக்கூடாது என்று வாப்பா வக்கீலைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மௌனத்தில்தான் பிள்ளை ஏதோ ஒரு படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு வருகிறான். நம் புறம்பேச்சு அவனைப் பொய்யின் பக்கம் தள்ளியிருக்கிறது என்றால், அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு. இப்படி ஒரு விஷயம் காதுக்கு வந்தால் அதை அடுத்த காதுக்குக் கடத்தாமல் இருப்பதே முதல் உதவி. கடை, கம்பெனி நடத்தும் சகோதரர்கள், தவறை மறைக்காமல் சொல்லித் திருந்தி வரும் வாலிபருக்கு அவர் தகுதிக்கேற்ற வேலை கொடுத்துப் பாருங்கள். அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்களின் விஷயம் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்பதை நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். படிவம் நிரப்பவும், வக்கீலிடம் அழைத்துச் செல்லவும் உதவுகிறோம்.

வீட்டில் பேசிப் பார்க்க

• விருந்துக்குப் போன இடத்தில் நண்பன் குடித்திருந்தால், நம் வீட்டுப் பிள்ளை எப்படி வீடு திரும்ப வேண்டும்? எந்நேரமானாலும் வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறோமா?

• நம் பிள்ளை ஒரு வழக்கில் சிக்கினால், முதலில் நம்மிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு உண்டா? இல்லையென்றால் காரணம் என்ன?

• பாவத்தை மறைப்பதற்கும் பொய்ச் சாட்சிக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த உதாரணத்தைக் கொண்டு விளக்குவோம்?

அபராத ரசீது கைக்கு வந்த அன்று கோர்ட் வேலை முடிகிறது. உண்மையைச் சொல்லி, உரிமத் தடையைக் கழித்து, தவ்பாவில் நிலைத்து நின்று வாழ்ந்து காட்டும் வேலை அன்றுதான் தொடங்குகிறது. அதற்குக் குடும்பமும் ஜமாஅத்தும் துணை நிற்க வேண்டும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை மதுவிலிருந்தும், போதையிலிருந்தும், பொய்யிலிருந்தும் காப்பானாக. தவறியவர்களின் தவ்பாவை ஏற்று, அவர்களுக்கு ஹலாலான ரிஸ்க்கின் வாசல்களைத் திறந்து வைப்பானாக. ஆமீன்.